தோங்ராவில் மூன்று பள்ளிக்கூடங்கள்

மனோர் பார்க்கில் தவமலர் குடியிருக்கும் வரிசையில், அவளுடைய வீட்டுக்கு இடப்பக்கத்து வீடு அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கான வீடு. அறைக்கு ஒருவர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குசினி. எரித்திரியாக்காரர் வருவார்கள், ஆப்கானியர் வருவார்கள், ஒரு வருடத்தில் வேறெங்கோ மாற்றப்பட்டுப் போய்விடுவார்கள். அவர்களின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்வதைத் தவமலர் எப்போதோ நிறுத்தியிருந்தாள். பல்மோவின் பெயர் தெரியவந்தது ஒரு சட்டியால்.

கொரோனாவுக்கு முந்திய மார்கழி. பக்கத்து வீட்டுப் புகை அலாரம் வீறிட்டது. மாடியிலிருந்து யாரோ திட்டினார்கள். பின்கதவைத் தள்ளிக்கொண்டு, புகைகிற சட்டியைத் துணியால் பிடித்தபடி ஒரு பெண் வளவுக்குள் ஓடிவந்தாள். நாற்பது வயது இருக்கும். அகன்ற முகம். கன்னங்கள் இரண்டும் வெயிலிலும் பனியிலும் வெந்து வெந்து தடித்துப்போனவை போலச் சிவந்திருந்தன. சட்டிக்குள் இருந்தது பார்லி.

தவமலருக்குத் தெரிந்தவரை பார்லி நீர்க்கடுப்புக்கு அவித்துக் குடிப்பது. வேலிக்கு மேலால் எட்டி, சுகமில்லையா என்று தன் ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு பிடி அள்ளி, ஊதி ஆற்றி, வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"சாப்பாடு," என்றாள். "எங்கள் சாப்பாடு இதுதான்."

வறுத்ததை மாவாக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. தவமலர் தன் மிக்சியில் அரைத்துக் கொடுத்தாள். பல்மோ அதைத் தேநீரும் வெண்ணெயும் விட்டு உள்ளங்கையில் குழைத்து உருட்டி, முதல் உருண்டையைத் தவமலருக்கே தந்தாள். அன்றிலிருந்து பார்லி வறுப்பது தவமலரின் குசினியில்தான். இருவருக்கும் இடையில் ஓடியது உடைந்த ஆங்கிலம். "அக்கா" என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். அதை பல்மோ எங்கே பிடித்தாள் என்று தெரியாது. அனேகமாக சேர்ச் ரோட்டு முருகன் கோயிலில் இருக்கும். அங்கே அவள் தவமலருடன் வெள்ளிக்கிழமைகளில் வருவாள். மூலஸ்தானத்துக்கு எதிரே நெடுஞ்சாண்கிடையாக ஆண்கள் விழுவதைப் பார்த்துவிட்டுத் தானும் விழுந்தாள். பெண்கள் அப்படி விழுவதில்லை என்று யாரோ சொன்னார்கள். "எங்கள் ஊரில் எல்லோரும் விழுவோம்" என்று சொல்லி மறுபடி விழுந்தாள்.

தவமலருக்கு வயது ஐம்பத்துநான்கு. பள்ளிக்கூடக் குசினி ஒன்றில் வேலை. கணவன் மணியம் பஸ் சாரதி. இருவரும் தொண்ணூறுகளில் அகதியாக வந்தவர்கள். அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று தனக்குத் தெரியும் என்பது தவமலரின் எண்ணம். இந்தக் கதை கெட்டுப்போனது அந்த எண்ணத்தால்தான்.

பல்மோவின் ஊர் தோங்ரா. கிழக்குத் திபெத்தில், ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றின் இரு பக்கச் சரிவுகளிலும் ஒட்டிக்கிடக்கும் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர்; அரசு அவற்றை ஒரு நிர்வாகப் பிரிவாக வைத்திருந்தது. அவளுடைய கிராமத்தில் முப்பத்தொரு வீடு. மண்ணை இடித்துச் சுவராக்கி, கீழ்த்தட்டில் மாடுகள், மேல்தட்டில் மனிதர், கூரையில் பார்லிக் கதிர். சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஒரு வயலில் இரண்டு மாடு திரும்ப இடம் போதாது. மரக்கோட்டுக்கு மேலே கோடையில் மட்டும் புல் முளைக்கும். ஆனி மாதம் யாக் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனால் புரட்டாதியில்தான் இறங்குவார்கள். சித்திரை வைகாசியில் ஊரே மலையில் முழங்காலில் நிற்கும். மண்ணுக்குள் செத்த புழுவின் தலையிலிருந்து முளைத்து வரும் ஒரு காளானைத் தேடுவார்கள். சீன மருந்துக்கடைகள் அதற்காகத்தான் அந்த மலைக்கு ஆளனுப்பின. வருடத்தில் நாற்பது நாள் தேடுவதில் மீதி வருடத்துக்கு உப்பும் தேயிலையும் துணியும் வந்தன.

பிறகு அதே மலைக்குச் சுரங்கக்காரர் வந்தார்கள். கிராமத்தார் பாதையை மறித்துக் குந்தியிருந்தார்கள். முன்வரிசையில் பல்மோவும் இருந்தாள். நான்காம் நாள் லொறிகளில் பொலிஸ் வந்தது. அவளுடைய கணவனைக் கொண்டு போனார்கள். பொலிஸ் எடுத்த படத்தில் அவளுடைய முகமும் இருக்கிறது என்று செய்தி வந்த இரவே, மகள் யாங்கியை வீட்டில் விட்டுவிட்டு அவள் புறப்பட்டாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காத்மாண்டுவில் ஒரு மச்சாள் இருந்தாள். அங்கிருந்து ஏஜென்சிக்காரன் இன்னொருத்தியின் கடவுச்சீட்டில் லண்டனுக்கு ஏற்றிவிட்டான்.

இமிகிரேஷன் விசாரணைக்கு அழைப்பு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. போய்வந்த பல்மோ களைத்திருந்தாள். ஆனால் பயப்படவில்லை. "நல்ல கேள்விகள், அக்கா," என்றாள். "முழுவதும் ஊரைப் பற்றித்தான். எனக்குத் தெரியாதா?"

நிராகரிப்புக் கடிதம் ஏழு மாதம் கழித்து வந்தது. மணியம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது.

"கடல் மட்டத்திலயிருந்து எவ்வளவு உயரம் எண்டு கேட்டிருக்கினம். 'கீழ் நாட்டு ஆக்களுக்குத் தலையிடிக்கும், எங்களுக்கு இடிக்காது' எண்டு சொல்லியிருக்கிறா. சனத்தொகை கேட்டதுக்கு, முப்பத்தொரு வீடு எண்டிருக்கிறா. பக்கத்து டவுன் எத்தினை கிலோமீற்றர் எண்டதுக்கு, நடந்தா ரெண்டு நாள், லொறியில அரை நாளாம்."

"அதில என்ன பிழை?" என்றாள் தவமலர்.

"பொறும். ஊரின்ர பொருளாதாரம் என்ன எண்டு கேட்டிருக்கினம். இவ, 'நாங்கள் வியாபாரம் செய்யிறேல்லை' எண்டு சொன்னாவாம். மொழிபெயர்ப்பாளன் அந்தச் சொல்லை வியாபாரம் எண்டு மாத்தியிருக்கிறான் போல. அந்தக் காளான் விக்கிறது அந்த இடத்துப் பிரதான வருமானம், அது கூடத் தெரியாத ஆள் அங்க பிறந்திருக்க ஏலாது எண்டு எழுதியிருக்கினம்."

சீன அரச வரைபடத்தில் தோங்ரா என்ற பெயரே இல்லை. வேறொரு சீனப் பெயர்தான் இருந்தது. அதை பல்மோ சொல்லவில்லை. கடைசிக் காரணத்தை மணியம் இரண்டு தரம் வாசித்தான். கணவனின் பெயர் என்ன என்ற கேள்விக்கு நொர்பு என்றிருக்கிறாள். பொலிஸ் பிடித்தது யாரை என்ற கேள்விக்கு, "என் கணவர் தர்கேயை" என்றிருக்கிறாள். கணவனின் பெயரையே மாற்றிச் சொல்பவளை எப்படி நம்புவது?

மணியம் வேலைக்குப் போனபின் தவமலர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"பல்மோ, எனக்கு உண்மையைச் சொல்லு. ஆர் உன்ர மனுசன்?"

பல்மோ மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு விரல்களைக் காட்டினாள். சகோதரர்கள். நொர்பு மூத்தவன், தர்கே இளையவன். ஒரே நாளில் ஒரே கலியாணம். தவமலர் வாயில் கையை வைத்தாள்.

"வயல் எவ்வளவு என்று நீங்கள் பார்க்க வேண்டும், அக்கா," என்றாள் பல்மோ. "இரண்டாகப் பிரித்தால் இரண்டு வீடும் பட்டினி. ஒருவர் வயலில் நிற்க வேண்டும். ஒருவர் மாட்டோடு மேலே போக வேண்டும். இரண்டு பேரும் திரும்பி வருவது ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டை ஒரு பெண் நடத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதி வீடு இப்படித்தான்."

"அப்ப அதை அவையளுக்குச் சொல்லியிருக்கலாமே!"

"மொழிபெயர்த்தவன் சின்னப் பொடியன். இந்தியாவில் படித்தவன். கழுத்தில் டை. அவன் மூலம் இதை எப்படிச் சொல்வது? அவன் முகத்தில் சிரிப்பு வந்தால் நான் எங்கே பார்ப்பது?"

தவமலர் இதை ஒரு வாரம் கணவனிடம் சொல்லவில்லை. சொன்னபோது மணியம் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "எட்டுப் பரப்புக் காணியை அஞ்சாப் பிரிச்சு, அஞ்சு பேரும் முகம் பாராமச் செத்த குடும்பம் எங்கட," என்றான். "சிரிக்க எனக்கென்ன கிடக்கு."

மேன்முறையீட்டுக்கு கிரிஜா என்ற சட்டத்தரணி கிடைத்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். எவ்வளவு வேலை இருந்தாலும் போனை எடுப்பாள். இரண்டு கணவர் விஷயத்தைப் புதிய வாக்குமூலத்தில் எழுதினாள். மொழிபெயர்ப்புப் பிழையையும் எழுதினாள். பிறகு தவமலரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, கோர்ட்ல அவங்க தன் சொந்த வார்த்தையில பேசட்டும். தெரியாததைத் தெரியலைன்னு சொல்லட்டும். நீங்க எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க."

தவமலர் தலையாட்டினாள். சொந்த வார்த்தையில் பேசித்தானே முதல்முறை தோற்றாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தொண்ணூறுகளில் தவமலரின் விசாரணை நடந்த காலத்தில் அண்ணையின் சிநேகிதன் ஒருவன் நான்கு தாள் கொண்டுவந்து கொடுத்தான். எந்தத் திகதியில் எந்த முகாமிலிருந்து ஷெல் வந்தது, எந்தச் சந்தியில் எந்தக் காவலரண் இருந்தது, எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றில் பாதியை அவள் கண்ணால் கண்டவளல்ல. பாடமாக்கி ஒப்புவித்தாள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டான். மூன்று மாதத்தில் விசா வந்தது. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

மணியத்திடம் சொல்லி, இணையத்தில் அந்தச் சீனப் பெயரைத் தேடி, ஒரு பக்கத்தை அச்சடித்து எடுத்தாள். பரப்பளவு எழுநூற்றுப் பன்னிரண்டு சதுர கிலோமீற்றர். சராசரி உயரம் மூவாயிரத்துத் தொளாயிரம் மீற்றர். சனத்தொகை நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு. பதினொரு கிராமங்கள். பயிர்கள் பார்லி, பட்டாணி, நூக்கோல் போன்ற ஒரு கிழங்கு. மூன்று ஆரம்பப் பள்ளிகள், ஒரு சுகாதார நிலையம். முன்னாளில் சகோதரர் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது.

"முன்னாளிலா?" என்று கேட்டு பல்மோ அன்று ஒரு முறை வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டு மாதம், வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் குசினி மேசையில் இந்தப் பாடம் நடந்தது. பல்மோ வாசிக்கத் தெரியாதவள். காதால் கேட்டுத்தான் மனதில் ஏற்றினாள். பிழைவிட்டால் தவமலர் மேசையில் தட்டுவாள்.

"பள்ளிக்கூடம் எத்தினை?"

"ஒன்று."

"பேப்பர்ல மூண்டு எண்டு கிடக்கு."

"அக்கா, ஒன்றுதான். மற்ற இரண்டும் பூட்டின வீடு. வாசலில் பலகை மட்டும் இருக்கிறது. பெரிய அதிகாரி வருகிற நாளில் திறப்பார்கள், எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவையளிட்ட இருக்கிறது இந்தப் பேப்பர்தான். மூண்டு எண்டு சொல்லு."

பல்மோ அந்தத் தாளைப் பார்த்தாள். "மூன்று," என்றாள்.

வழக்கு மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. தவமலர் லீவு போட்டு, பார்வையாளர் கதிரையில் போய் இருந்தாள். இந்தமுறை மொழிபெயர்த்தது வயதான ஒரு பெண். நல்ல சகுனம் என்று தவமலருக்குப் பட்டது. அரச தரப்பில் வந்தவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. மெல்லிய குரலில், உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

பல்மோ சொன்னாள். பரப்பளவு, உயரம், சனத்தொகை, கிராமங்கள், பயிர்கள், ஒன்றும் விடாமல் சொன்னாள். தவமலரின் உதடுகளும் கூடவே அசைந்தன. அரச தரப்புக்காரர் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"மூன்று பள்ளிகள் என்றீர்கள். உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படித்தாள்?"

பல்மோவின் வாய் திறந்தபடியே நின்றது. தாளில் அது இல்லை. யாங்கி படித்த ஒரே பள்ளியை, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்ததை, அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றில் அது எத்தனையாவது? அவள் திரும்பித் தவமலரைப் பார்த்தாள். நீதிபதியும் அந்தப் பார்வை போன பக்கம் பார்த்தார்.

"மூன்றாவது," என்றாள் பல்மோ.

"அதன் பெயர்?"

"மூன்றாவது."

அதற்குப் பிறகு கிரிஜா என்ன பேசியும் எடுபடவில்லை. இரண்டு கணவர் கதையைக் கேட்டபோது, அதுவும் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை அரச தரப்பு எடுத்துக் காட்டியது. முதல் விசாரணையில் இல்லாத கதை, இணையத்தில் படித்தபின் வந்திருக்கிறது என்றார்கள். தீர்ப்பு ஐந்து வாரத்தில் வந்தது. பொதுவில் கிடைக்கும் ஒரு பக்கத்தை அதே வரிசையில் மனப்பாடமாக ஒப்புவித்திருக்கிறார், சொந்த மகளின் பள்ளியைச் சொல்ல முடியவில்லை, பார்வையாளர் ஒருவரிடமிருந்து உதவி தேடினார், இவர் நேபாளத்திலேயே வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

கிரிஜா போனில் சொன்னாள். "யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு நான் கேட்கப் போறதில்ல, அக்கா. கேட்டு இனி என்ன ஆகப் போகுது."

தவமலர் போனை வைத்துவிட்டு, குசினி நிலத்தில் அப்படியே குந்தினாள். மணியம் வந்து பார்த்தபோது அடுப்பில் சோறு கரிந்துகொண்டிருந்தது.

"நான் அவளைக் கொன்றுபோட்டன்," என்றாள். "அவளுக்கு வாய் இருந்தது. நான் அதைப் பிடுங்கிப்போட்டு இந்தப் பேப்பரை வைச்சன்."

மணியம் அடுப்பை நிறுத்தினான்.

அடுத்த படி மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அறையைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. தவமலர் தன் வீட்டுச் சின்ன அறையில் இருந்த பழைய பெட்டிகளை இறக்கிவிட்டு அவளுக்குக் கட்டில் போட்டாள். பல்மோ ஒரு பையோடு வந்தாள். கோபம் இருந்தால் தவமலர் தாங்கியிருப்பாள். திட்டினால் காலைப் பிடித்து அழுதிருப்பாள். பல்மோ அப்படி ஒன்றும் செய்யவில்லை. வீட்டைக் கூட்டினாள், பாத்திரம் கழுவினாள், மணியத்தின் யூனிபோர்மை அயர்ன் பண்ணினாள். ஊரைப் பற்றிப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் தவமலரே கிளறினாள். பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதாவது சொல் என்றாள்.

பல்மோ துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்தாள். "நான் யோசிக்கிறேன், அக்கா. யோசித்தால் முதலில் அந்தத் தாள்தான் வருகிறது. எழுநூற்றுப் பன்னிரண்டு. நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு. அதற்குப் பின்னால் போனால் பாலம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை." கோப்பையை மறுபடி எடுத்தாள். "ஒருவேளை அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம்."

இரண்டு கிழமைக்கொருமுறை இமிகிரேஷன் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் ஐப்பசியில், கையெழுத்துப் போடப் போன பல்மோ வெளியே வரவில்லை. வாசலில் நின்ற தவமலரிடம் காவலாளி, அவரை உள்ளேயே மறித்துவிட்டார்கள் என்று சொன்னான். தடுப்பு முகாமில் நாலு மாதம் வைத்திருந்தார்கள். நேபாளத்துக்கு அனுப்புவது திட்டம். இப்படி ஒருவர் தங்கள் பதிவில் இல்லை என்று நேபாளம் பதில் எழுதியது. சீனாவுக்கு அனுப்பவும் வழியில்லை. அவள் அங்கத்தியவள் அல்ல என்று இவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அனுப்ப ஓர் இடமில்லாததால் விட்டார்கள். வந்தபோது கன்னத்துச் சிவப்பு முழுவதும் போய், முகம் மண் நிறமாக இருந்தது. சின்ன அறைக்குப் போய் இரண்டு நாள் தூங்கினாள்.

கிரிஜா இன்னும் முயல்கிறாள். புதிய ஆதாரம் ஏதாவது வேண்டும் என்கிறாள். ஊரிலிருந்து ஒரு கடிதம், ஒரு படம், மகளின் பள்ளிப் பதிவு, ஏதாவது ஒன்று. ஊருக்குப் போன் எடுத்தால் அங்கே கதைப்பவர்களுக்குத்தான் ஆபத்து. காத்மாண்டு மச்சாள் வழியாகத்தான் எல்லாம் வர வேண்டும்.

இந்த வருடம் ஆவணியில் அந்த மச்சாளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகல். மணியம் முன்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். பல்மோ படிக்கட்டில் இருந்து கதைத்தாள். அவளுடைய மொழியில் ஒரு சொல்லும் தவமலருக்கு விளங்காது. ஆனால் அவள் ஓம், ஓம் என்று ஆமோதிப்பது போல ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. போனை வைத்ததும் குசினிக்கு வந்தாள்.

"என்னவாம்?" என்றாள் தவமலர்.

"மேல் கிராமங்கள் எல்லாவற்றையும் இறக்கி, பெரிய பாதையோரம் வரிசை வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். மாடு வைத்திருக்க இடமில்லை. விற்றுவிட்டார்கள். தர்கே பற்றி ஒரு செய்தியும் இல்லை. யாங்கி தூரத்தில் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் சீன மொழிதான் பேசுகிறாளாம்."

"நொர்பு?"

"நொர்பு வேறு பெண் எடுத்துவிட்டார். தை மாதம்." குசினி ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு கணக்கை விளக்குவது போலச் சொன்னாள். "அது சரிதான், அக்கா. அங்கே பெண் இல்லாமல் ஒரு வீடு நடக்காது. நான் அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்."

தவமலர் அவளை அணைக்கக் கையை நீட்டினாள். பல்மோ அதைக் காணாதவள் போல நகர்ந்து, கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். வெளியே புல்வெட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. இப்போது அழுவாள் என்று தவமலர் காத்திருந்தாள். பல்மோ மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு சைன் போட வேண்டும்," என்றாள். "மழை பெய்யுமாம். பஸ்ஸில் போவோமா, ரெயினில் போவோமா?"

"பஸ்ஸில போவம்," என்றாள் தவமலர்.